அட்டை வைத்தும் அணையாத வெளிச்சம்

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று அப்பாவுக்குப் புரிய வைக்க ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்த அன்று தி.நகர் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். "எம் மவ வெளிச்சத்த வச்சு வெளிச்சத்தப் போடப் போறாளாம், அணைக்கப் போறாளாம். ஏட்டி, கரண்டு போச்சுன்னா என்ன செய்வ?" திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். எத்தனை வருஷமானாலும் ஊர்ப் பேச்சு அவரை விடவில்லை. கடை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எங்கள் லேசர் கரண்டில்தான் ஓடியது.

எழுபதுகளின் நடுவில், அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. முடியைவிடக் கொஞ்சம் அகலமான துளை கொண்ட கண்ணாடிக் குழாய், அதற்குள் கார்பன் டைசல்பைடு என்ற திரவம். குழாயின் இரண்டு முனைக்கும் வெளியே, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடுகள், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. பலவீனமான ஒரு சிவப்பு ஒளி முதல் தகட்டைத் தாண்டிக் குழாய்க்குள் போகும். இரண்டாவது தகடு அதைத் தடுத்துவிடும், அந்தப் பக்கம் இருட்டு. இப்போது லேசரை ஒரு வெடி வெடித்து, மின்னல்போல ஒரு கணம் மட்டும் பலமான ஒளியை அதே குழாய்க்குள் அனுப்பினால், அது போகிற கணத்தில் மட்டும் திரவத்தின் குணம் மாறும். சிவப்பு ஒளியின் அதிர்வுத் திசை சற்றே திரும்ப, அது இரண்டாவது தகட்டையும் தாண்டி வந்துவிடும். பிறகு மறுபடி இருட்டு. ஓர் ஒளி இன்னோர் ஒளிக்குக் கதவைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். வெளிநாட்டில் பெரிய லேசர் வைத்துச் செய்திருந்தார்கள். எங்களுடையது நோஞ்சான். மெல்லிய குழாய்க்குள் ஒளியைச் சிதறவிடாமல் இழுத்துக்கொண்டு போனால் நோஞ்சானே போதும் என்பது என் கணக்கு.

அந்தத் திரவத்தின் நாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். அழுகிய முள்ளங்கியே தேவலை. சாயங்காலம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் நந்தனம் தாண்டும்வரை காலியாகவே வரும். ஆய்வுக்கூட உதவியாளர் வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னாம்மா, மறுபடியும் அத்த தொறந்துக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஜூனில் என் உதவித்தொகை முடிகிறது. மே மாதம் வெளியூரிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்க்கும். வேலை நடக்கிறது என்று காட்டினால் இன்னொரு வருஷம் கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான், பட்டமும் இல்லை. கடையில் எனக்கு எப்போதும் இடம் உண்டு என்று அப்பா ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது தகட்டைத் தாண்டி வரும் ஒளியை ஒரு கருவி அளக்கும், ஆசிலோஸ்கோப் அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். குழு வருவதற்குச் சில நாட்கள் முன்னால் அந்தத் திரையில் மேடு எழுந்தது. லேசர் வெடிக்கும்போதெல்லாம் அழகான, உயரமான மேடு. என் பேராசிரியர் மயிலாப்பூர்க்காரர், யாரையும் லேசில் பாராட்டாதவர். அவரே காபி வாங்கிவரச் சொன்னார். காபி வருவதற்குள் நான் ஒரு கறுப்பு அட்டையை எடுத்து ஒளியை அளக்கும் கருவியின் கண்ணை மறைத்தேன். வெறும் பழக்கம்தான். லேசரை வெடித்தேன். மேடு அப்படியே நின்றது.

கருவியின் கண்ணை மூடியாயிற்று, ஆனாலும் அது பார்க்கிறது. லேசரைக் கிளப்பும் உயர் மின்னழுத்தம் வானொலியில் கரகரப்பு வருவதுபோல எங்கள் கம்பிகளில் ஏறி மேடு போட்டுக்கொண்டிருந்தது. ஒளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பேராசிரியர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத பாரும்மா, வரவா மூணு பேரும் திரையைத்தான் பார்க்கப் போறா. அட்டையை வைன்னு யார் சொல்லப் போறா? வருஷம் கிடைக்கட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார். கெட்டவர் இல்லை. அந்த லேசரை இறக்குமதி செய்ய டெல்லிக்கும் துறைமுகத்துக்கும் அலைந்தே நரைத்தவர். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் முடியாது. "யாரும் சொல்லலேன்னா நானே வைப்பேன் சார்" என்றேன்.

மறுநாள் வீட்டிலிருந்து முறுக்கு டின்னைக் கொண்டுபோனேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உதவியாளர் அதில் ஒளி நுழைய ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அளக்கும் கருவியை டின்னுக்குள் வைத்து, மூடி, டின்னை எர்த் கம்பியோடு கட்டினேன். தகரத்தைத் தாண்டி மின் இரைச்சல் உள்ளே வர முடியாது. வெடித்தேன். திரையில் தட்டையான கோடு. பொய் போய்விட்டது, உண்மையும் அங்கே இல்லை.

அழவில்லை. குழாயை உருப்பெருக்கியில் முனையிலிருந்து முனை பார்த்தேன். நடுவில் குமிழிகள். அந்தத் திரவம் கொஞ்சம் சூட்டிலேயே கொதித்துவிடும், எங்கள் அறையில் ஏ.சி. கிடையாது, மாதமோ மே. முற்பகலிலேயே குமிழி கட்டி ஒளியை வழியில் மறித்துக்கொண்டிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், குழாயைப் புதிதாக நிரப்பி, வெயில் ஏறுவதற்குள் வெடித்தேன். மேடு வந்தது. சின்னது, பழைய மேட்டில் கால்வாசிகூட இல்லை. அட்டையை வைத்தேன், போயிற்று. எடுத்தேன், வந்தது. அந்த வெறும் அறையில் நான் சத்தமாகச் சிரித்தேன்.

குழுவோ பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. காலையில் வரச் சொல்லுங்கள் என்றேன். பெரிய மனுஷாளை அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது என்று பேராசிரியர் மறுத்துவிட்டார். முதல் நாள் மாலை அடையாறில் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு நானே போனேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மூவரிடமும், விடியற்காலையில் வந்தால்தான் காட்ட முடியும், பிறகு சூட்டில் குமிழி வந்துவிடும் என்று சொன்னேன். இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர், இருப்பவர்களில் வயதானவர், "பௌதிக சாஸ்திரத்துக்கு வெயில் ஆகாதோ?" என்று எரிந்து விழுந்தார்.

விடிந்தபோது அவர் மட்டும் வந்தார். நேராக மேஜைக்கு வந்தார். வெடித்தேன், மேடு எழுந்தது. நான் அட்டையை எடுப்பதற்குள் அவரே பிடுங்கிக்கொண்டார். சிவப்பு ஒளியின் வழியில் வைத்தார், மேடு இல்லை. பலமான ஒளியின் வழியில் வைத்தார், அப்போதும் இல்லை. இரண்டையும் விட்டார், வந்தது. அட்டையை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். அறை அடுப்பாகியிருந்தது. வெடித்தேன், தட்டைக் கோடு. மறுபடி வெடித்தேன், தட்டைக் கோடு. பேராசிரியர் என் காதருகே குனிந்து, "அந்த டின்னை எடுத்துடேன்மா" என்றார். எடுத்தால் போதும், திரை நிறைய அந்தப் பொய் மேடு எழும். என் ஒரு வருஷம் அந்த மூடிக்குக் கீழேதான் இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இப்ப வராதுங்க. குழாய்ல குமிழி இருக்கு" என்றேன்.

"அப்போ காட்ட ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

வயதானவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "நான் காலையில பார்த்தேன். ரெண்டு ஒளியையும் மாத்தி மாத்தி மறைச்சுப் பார்த்தேன். நீங்க தூங்கிண்டிருந்தேள்."