கடலில் வைத்த சின்ன வெடி

"லைசென்சு இருக்குதுங்க எனக்கு. திருட்டு வெடி வெக்கிறவன் இல்ல நான்."

யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கோட்டக்குப்பம் கரையில் கூடியிருந்த அத்தனை பேரும் மணலில் கிடந்த திமிங்கலக் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிஷபநாத நயினார் மட்டும் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தார்.

திண்டிவனம் பக்கம் கிணறு ஆழப்படுத்துகிறவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். சமணர் வீட்டில் பிறந்து வெடி வைக்கப் போனவர் என்று சொந்தக்காரர்களே முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம். பெரிய வெடிக்கு முன்னால் கட்டைவிரல் அளவு வெடிமருந்தில் ஒரு சின்ன வெடி. பாறை இடுக்கில் இருக்கிற பாம்பு, மேட்டில் மேய்கிற ஆடு எல்லாம் அந்தச் சத்தத்துக்கே ஓடிவிடும். அரை மணி நேரம் காத்திருந்து அப்புறம்தான் பெரியது. பதினெட்டு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை.

எண்பத்தாறு பங்குனியில் காண்ட்ராக்டர் வெங்கடாசலம் அவரைத் தேடி வந்தார். கடலுக்குள் பழைய இரும்புத் தோணி ஒன்று மூழ்கிக் கிடந்தது. வலையெல்லாம் அதில் மாட்டிக் கிழிந்தது. அதை உடைக்க வேண்டும்.

"பெருசா ஏதாவது தண்ணியில தெரிஞ்சா வெடி கெடையாது. ஒத்துக்கினா வர்றேன்."

"மீனுக்கும் நாள் நட்சத்திரம் பாப்பீங்களா நயினாரே?" என்று வெங்கடாசலம் சிரித்தார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

மீனவர் சின்னதுரை கட்டுமரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது தெரிந்தால் துண்டைத் தூக்குவார். இரண்டு நாள் வேலை நடந்தது. மூன்றாம் நாள் காலையில் துண்டு மேலே போனது. தாய்த் திமிங்கலமும் குட்டியும். பிறந்து பத்து நாளான குழந்தை தாயின் மார்பைத் தேடித் தலையை ஆட்டுமே, அந்த மாதிரி குட்டி அம்மாவின் வயிற்றோரமே முட்டிக்கொண்டு வந்தது. நயினார் வெடியின் ஒயரைக் கழற்றிவிட்டார்.

அடுத்த நாளும் அவை போகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"இதுங்க போறதா காணம். நாளைக்கு நானே வெடித் தோட்டாவைக் கொளுத்திப் போட்டுடுவேன், பாத்துக்குங்க" என்றார் வெங்கடாசலம்.

இந்த மனுஷன் செய்தாலும் செய்வார் என்று நயினாருக்குத் தோன்றியது.

"வேணாம். நானே அனுப்பி வெக்கிறேன். சின்ன வெடி ஒண்ணு போதும், ஆழத்துக்குப் போயிடும்."

சின்னதுரை தலையைச் சொறிந்தார். "தண்ணிக்குள்ள சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாதுங்க. நான் முங்கிப் பாத்திருக்கேன். நாலு பக்கமும் ஒரே மாதிரி அடிக்கும்."

"பாம்பே ஓடுது. இது ஓடாதா?"

நயினார் சின்ன வெடியை வைத்தபோது தண்ணீருக்கு மேலே ஒரு 'டப்' சத்தம்தான். கரையில் இருந்த டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தாய் ஒரே மூச்சில் முங்கித் தூரத்தில் போய் எழுந்தது. குட்டி இருந்த இடத்திலேயே வட்டம் அடித்தது. பிறகு விறுவிறு என்று கரையைப் பார்த்து வந்தது.

சின்னதுரையும் பத்துப் பேரும் கயிறு கட்டி அதை ஆழத்துக்கு இழுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது. மறுபடியும் இழுத்துவிட்டார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடியும் மணலுக்கே வந்தது. தாய் அலைக்கு அந்தப் பக்கம் பொழுது சாயும்வரை நின்றது. விடிந்தபோது அதைக் காணவில்லை. குட்டியின் மூச்சும் நின்றிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வெங்கடாசலம், நயினாரின் தோளைத் தொட்டார்.

"உங்க மேல தப்பில்ல நயினாரே. நல்லதுன்னுதான பண்ணீங்க?"

நயினார் அந்தக் காகிதத்தைப் பையில் திணித்தார். குட்டியின் தலைமாட்டில் மண்டி போட்டு, கண்ணிலிருந்து கழுத்துவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தார்.

"காதை எங்கியும் காணம்யா. கண்ணு இருக்குது, வாயி இருக்குது. தலை பூரா தடவிட்டேன். இதுக்குக் காது எங்க இருக்குதுன்னே தெரியாம வெடி வெச்சிருக்கேன்."