சுண்டிக்குளம், நெடுந்தீவு: இரண்டு கிழவிகள், ஒரு வான், மூன்று நாள்

சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குப் போவதற்கு முன் இணையத்தில் ஆறு பதிவுகள் வாசித்தேன். ஆறிலும் ஒரே வரி: "வயதானவர்கள் தவிர்ப்பது நல்லது." எனக்கு அறுபத்தொன்பது வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள். வான் ஓட்ட ஐம்பத்துநாலாம் வயதில் நானாகவே பழகினேன். பறவைகளின் பெயர்களை ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துப் பாடமாக்கினேன். தவிர்ப்பதற்கு நான் என்ன குற்றம் செய்தேன் என்று யாரும் எழுதவில்லை. அதனால் இந்தப் பதிவை நானே எழுதுகிறேன்.

போன மாசி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு ஒப்பந்தம் நடந்தது. வானை விற்கச் சொல்லி என் மகன் இரண்டு வருடமாகக் கரைச்சல் கொடுக்கிறான். அன்று அவன் சொன்னது இது: "அம்மா, மூண்டு நாளும் என்னை உதவிக்குக் கூப்பிடாமல் வந்தியளெண்டால், நான் இனி வாய் திறக்கமாட்டன். ஒருக்காக் கூப்பிட்டாலும் வான் விலைக்குப் போகும்." நான் ஓம் என்றேன்.

அளவெட்டியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பி, அச்சுவேலிச் சந்தையடியில் மேரி அக்காவை ஏற்றினேன். குருநகர் ஆள், எழுபத்திரண்டு வயது. சந்தையில் இருபது வருடம் எனக்கு எதிரே கருவாடு விற்றவர், நான் வெங்காயம். நெல்லியடியில் தண்ணீரும் பாண் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகக் கரையோரப் பாதையைப் பிடித்தோம். என் வீட்டு வாசலிலிருந்து எண்பத்தொரு கிலோமீற்றர். கடைசிப் பகுதி மணலும் குழியும். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று நாளுக்கும் சேர்த்து டீசலுக்கு 9,200 ரூபாய் முடிந்தது.

பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் கூடாரம் அடிக்க முடியாது. ஆகவே எல்லைக்கு வெளியே, களப்பு என்கிற கடலோர உப்பேரியின் கரையில் இடம் பார்த்தோம். அங்கேதான் எனக்கும் மேரி அக்காவுக்கும் பிரச்சினை தொடங்கியது. தண்ணீருக்குப் பக்கத்தில் நல்ல சமதரை ஒன்று கிடந்தது, மேலே வெடித்துக் காய்ந்து. நான் தோட்டக்காரி. ஒரு பிடி மண்ணை எடுத்து நெரித்துப் பார்த்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு கிழமையாக மழை இல்லை. வானை அதிலே இறக்கினேன்.

"தங்கச்சி, உதிலை நிப்பாட்டாதை," என்றார் மேரி அக்கா. "வாடைக்காத்துதான் தண்ணியை அங்காலை தள்ளி வைச்சிருக்கு. வாடை விழுந்தால் தண்ணி திரும்பி வரும்."

"மழை இல்லாமல் தண்ணி எங்காலை அக்கா வரும்?"

"காத்திலை வரும்."

"மண்ணைப் பாத்திட்டுத்தான் சொல்லுறன். எனக்கு மண் தெரியும்."

"உனக்கு வெங்காய மண்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, தன் பையைக் கொண்டுபோய் மேட்டில் இருந்த மணலில் வைத்தார். வானுக்குப் பக்கத்தில் நான் அடித்த கூடாரத்துக்குள்ளும் வரவில்லை. மணலிலேயே பாயை விரித்தார்.

அன்று வெள்ளி, எனக்கு மரக்கறி. மேரி அக்காவுக்கு ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். ஆனால் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும் என்றார். இரண்டு சட்டி வைத்தோம். பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறரை வரை களப்போரம் ஆறு கிலோமீற்றர் நடந்தோம். பூநாரைகள் ஒரு கூட்டமாக நின்றன. தலையைக் கவிழ்த்து, சேற்றை அரித்தபடி, ஒன்றுக்கொன்று முணுமுணுத்துக்கொண்டு. சந்தையில் எங்களைப் போல என்று மேரி அக்கா சொன்னார். அது ஒன்றுக்காகவே போகலாம்.

விடிய ஐந்தே காலுக்கு முதுகு குளிர்ந்து எழும்பினேன். காற்று இல்லை. கூடாரத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வானின் பின்சில்லுகள் பாதிக்குப் புதைந்திருந்தன. என்ஜினை ஸ்டார்ட் செய்து அக்சிலரேற்றரை அழுத்தி மிதித்தேன். மீதிப் பாதியும் இறங்கிவிட்டது.

மேரி அக்கா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். சொன்னேன்தானே என்று ஒரு சொல் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"மகனுக்குப் போன் எடுப்பமே?" என்றார்.

"வேண்டாம்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி மீனவர் குடில்கள் இருந்த வாடிக்கு நடந்தார்.

ஏழு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. மகன். "அம்மா, எல்லாம் சரியோ?"

நான் முழங்கால் அளவுக்கு ஏறிவிட்ட தண்ணீரில் நின்றேன். "பறவையள் நிறைய நிக்குது தம்பி," என்றேன்.

"அப்ப சந்தோசம்," என்று வைத்துவிட்டான்.

ஏழரைக்கு மேரி அக்கா ஒன்பது பேரோடு வந்தார். எல்லோரும் கரைவலை இழுக்கிறவர்கள். நீளக் கயிறும் நாலு பலகையும் தூக்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் வானைச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா, வானைக் குளிப்பாட்டக் கொண்டந்தனீங்களோ?"

"சிரிக்காதை மோனை, என்ரை தங்கச்சி," என்றார் மேரி அக்கா. பிறகு என்னிடம், "நீ ஸ்டியறிங்கை மட்டும் பிடி. என்ஜினிலை கை வைச்சியோ, கை முறிப்பன்," என்றார்.

இதை வாகனம் வைத்திருப்பவர்கள் கவனித்து வாசியுங்கள். அவர்கள் வெட்டி இழுக்கவில்லை. வலையை இழுப்பதுபோலவே இழுத்தார்கள். ஓர் ஆள் ஏலேலோ என்று குரல் கொடுக்க, ஒன்பது பேரும் ஒரே மூச்சில் ஒரு அடி; பிறகு விட்டுவிடாமல் கயிற்றைத் தாங்கி நிற்பது; அந்த இடைவெளியில் மேரி அக்கா சில்லுக்குக் கீழே பலகையைத் தள்ளுவது; மறுபடி ஒரு அடி. சேறு கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லை விட்டது. ஒன்பதே முக்காலுக்கு வான் மணலில் நின்றது. காசு வாங்கமாட்டோம் என்றார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், மிச்சப் பாணையும் கொடுத்தேன்.

சனி இரவு குருநகரில் மேரி அக்கா வீட்டில் தங்கினோம். ஞாயிறு அவர் விடியற்பூசைக்குப் போய் வந்ததும் குறிகட்டுவானுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். வானைத் துறையில் விட்டுவிட்டு ஒன்பது மணிப் படகு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். அங்கே ஓட்டோக்காரர் அரை நாளுக்கு 4,000 கேட்டார், 3,500க்கு இணங்கினார். நெடுந்தீவும் தேசியப் பூங்காதான். குதிரைகள் மேயும் வெளியில் ஐந்து கிலோமீற்றர் நடந்தோம். எங்கே சாப்பிட இருக்கலாம் என்று மேரி அக்காவைக் கேட்டேன். அவர் காட்டிய இடத்தில் இருந்தேன். நிழலே இல்லை. சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தேன்.

ஞாயிறு பின்னேரம் ஆறரைக்கு வீடு. மகன் வானின் அடியைக் குனிந்து பார்த்தான்.

"என்னம்மா இது?"

நடந்ததைச் சொன்னேன். "ஆனா உன்னை நான் கூப்பிடேல்லை. வான் என்னட்டைத்தான்."

"ஓம், கூப்பிடேல்லை," என்றான். "ஏழு மணிக்கு நான்தான் போன் எடுத்தனான். நீங்கள் பறவையைச் சொன்னியள்."

வானின் திறப்பை (சாவியை) எடுத்து மேசையில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. குழாயை இழுத்துக்கொண்டு வந்து, வானுக்குக் கீழே படுத்து, உப்புச் சேற்றை இருட்டும் வரை கழுவினான். எழும்பும்போது, "இனி கேட்டால் உண்மையைச் சொல்லுவியளோ?" என்றான்.

"சொல்லுவன்."

"அப்ப திறப்பை எடுங்கோ."

போக நினைப்பவர்களுக்கு: தைக்கும் மாசிக்கும் இடையில் போங்கள், பறவைகள் அப்போதுதான் நிற்கும். ஆளுக்கு ஆறு லீற்றர் தண்ணீர் வேண்டும். படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். களப்புக் கரையில் தரை எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் வாகனத்தை மணல்மேட்டில் விடுங்கள். காற்றைப் பற்றித் தோட்டக்காரரைக் கேட்காதீர்கள். உப்புச் சேற்றை அன்றன்றே கழுவுங்கள், நான் ஒரு நாள் பிந்திவிட்டேன். வயதானவர்கள் தாராளமாகப் போகலாம். வீட்டிலிருந்து யாராவது எடுத்து எல்லாம் சரியா என்று கேட்டால், முதலில் வான் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். பறவைகளைப் பிறகு சொல்லலாம்.