இங்கிலீஷ் கதைக்குள் வந்த உப்பு

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போய்விட்டவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அக்கா பத்தாவதில் முதலாவதாக வந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் இங்கிலீஷ் கதைப் புத்தகம் பரிசு கொடுத்தார்கள். பனிக்காடு, கோட்டை, குதிரையில் ராஜகுமாரன் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். அதற்குமேல் அவளைப் படிக்க வைக்கவில்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, வரிமேல் விரலை ஓட்டி எனக்குத் தமிழில் சொல்லுவாள். பனி எப்படி இருக்கும் என்று கேட்டேன். மில்லுக்குள் பஞ்சு பறக்கிற மாதிரி என்றாள்.

எனக்கு எட்டு வயதானபோது அவளைத் தாராபுரத்தில் கொடுப்பதாகப் பேசி முடித்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் ஒரே கதையைத்தான் படித்தாள். ராஜகுமாரன் வீட்டார் உப்பு சர்க்கரை மாற்ற வருகிறார்கள். உப்புப் பொட்டலத்தைக் காணோம். சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண் கோட்டையிலேயே இருந்து பெரிய படிப்புப் படிக்கிறாள்.

எங்கள் பக்கம் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் கல்யாணம் உறுதி. சீமையிலும் அதே வழக்கம்தான் என்று நம்புவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

அக்கா போய்விட்டால் எனக்கு யார் படித்துக் காட்டுவார்கள்? மாற்றுகிற அன்று காலையில், தட்டத்தில் இருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்து மாட்டுத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன்.

அம்மா வீடெல்லாம் தேடினாள். வந்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை.

"உப்புக்குப் போயி ஏனுங்க இத்தனை பதட்டம்? கடை பக்கத்துலதானுங்க இருக்குது" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்.

அதற்குள் அப்பா தொட்டியில் காகிதம் மிதப்பதைப் பார்த்துவிட்டார். நான் முழித்த முழியே காட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளை என்னைப் பக்கத்தில் இழுத்து, "ஏனுங்க மச்சான், எங்களுக்கு முந்தி மாட்டுக்கு விருந்து வெச்சுபோட்டீங்களே" என்றார். வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

கடை உப்பு வந்தது. மாற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவளிடம், "கதையில நின்னுபோச்சேக்கா" என்று அழுதேன்.

"அது இங்கிலீஷ் கதை கண்ணு" என்றாள். புத்தகத்தை என் கையில் கொடுத்து, "நீயே வெச்சுக்க" என்றாள்.

சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் என் மகள், போன மாதம் அதை எடுத்து வரிவரியாகப் படித்துச் சொன்னாள். உப்பு வரும், உப்பு வரும் என்று காத்திருந்தேன். ஒரு கதையிலும் வரவில்லை. எல்லாப் பெண்களும் ராஜகுமாரனைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் போகிறார்கள்.

"ஏனுங்கப்பா கண்ணு கலங்கறீங்க? நல்லபடியாத்தானுங்களே முடியுது" என்றாள் மகள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அக்காவிடம் சம்மதம் கேட்டவர் யாருமில்லை. அவள் மனதைச் சொல்ல எட்டு வயதுப் பையன் ஒருவன்தான் கிடைத்திருக்கிறான். அவனோ கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

அக்காவுக்கு இப்போது பேரன் இருக்கிறான். நாளை ஆடி நோம்பிக்கு வருகிறாள். இந்தத் தாளைப் புத்தகத்துக்குள் வைத்து அவள் கையில் கொடுப்பதாக இருக்கிறேன்.

ஆனி மாதக் கடைசி நாள், புதன்கிழமை.