அலமாரிக்குள் இரைந்த பெட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். சொல்லட்டும். பொழுது விடிந்து பொழுது போகும்வரை காதுக்குப் பக்கத்தில் மாவு மில் ஓடினால், அவர் மூக்கில் என்ன இருக்கும் என்று நானும் பார்க்கிறேன்.

மில் என்று சொன்னது என் கம்ப்யூட்டரை. மேஜைக் கம்ப்யூட்டர், ஐந்து வருடப் பழசு. யாராவது பேசிப் பதிவு செய்த ஒலியைச் சென்னையில் ஒரு கம்பெனி எனக்கு அனுப்பும். வகுப்பு, கூட்டம், பேட்டி என்று எதுவாகவும் இருக்கும். ஹெட்போனில் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். காளையார்கோவில் பக்கத்தில் பிறந்து, தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, கல்யாணமாகிப் பத்து வருடம் அடுப்படியே கதி என்று கிடந்தவள் நான். இந்த வேலை வந்த பிறகுதான் வீட்டில் என் பேச்சும் சபை ஏறியது. நல்ல காதும் விரலும் இருந்தால் போதும், வேறு யார் தயவும் வேண்டாம். அதனால் இதை விடுவதாக இல்லை.

காரைக்குடியில் நாங்கள் குடியிருப்பது ஒரு பெரிய வீட்டின் ஓரமாக இரண்டு அறைகளில். வீட்டின் சொந்தக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு, அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சாவிக்கொத்து அவர் இடுப்பில், வீடே அவருடையது என்ற நினைப்பு அவர் தலையில். வீட்டைச் சினிமாக்காரர்களுக்குச் சூட்டிங்குக்கு விடுவார்கள். எங்கள் முன்னறைக்கு இருக்கும் ஒரே ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. அதனால் குடிவந்த அன்றைக்கே அண்ணன் வந்து நின்றார்.

"நூறு வருசத்து வீடுன்னுதான் படம் எடுக்க வாராக. சன்னல் வழியா ஒயரும் பொட்டியுமாத் தெரிஞ்சா வெளங்குமா? டிவி மாதிரி இருக்கே, அத வேணும்னா அன்னைக்கு மட்டும் எடுத்து வச்சுக்கலாம். பொட்டிய அலமாரிக்குள்ள வச்சுக் கதவச் சாத்திருங்க தங்கச்சி."

"சூட்டிங் இல்லாத நாள்ல வெளிய வச்சுக்கிறேண்ணே."

"வீடு பாக்க எப்ப வாராக, யாரு வாராகன்னு எனக்கே தெரியாது. உள்ளயே இருக்கட்டும்."

ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, குடியிருப்பவன் நிலைமையும் அதுதான். என் வீட்டுக்காரர் உடனே சரி என்று தலையை ஆட்டினார். வருடத்துக்கு நாலு நாள் நடக்கிற சூட்டிங்குக்காக, என் பெட்டி மீதி நாளெல்லாம் சிறையில் இருந்தது.

அலமாரி சுவரோடு சுவராகப் பதித்தது. மூன்று பக்கமும் முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், முன்னால் தேக்குக் கதவு. ஓர் ஈ உள்ளே போனால் வெளியே வர வழி கிடையாது, காற்று எங்கே போகும்? பெட்டி தான் விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டு கிடந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் இட்லிச் சட்டி மூடியைத் தூக்கிய மாதிரி முகத்தில் அடிக்கும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றாடிகள் வேகமெடுத்து அலறும். அவை அலற அலற நான் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினேன். கடைசியில் கூட்ட இடமில்லாமல், முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டுதான் தினமும் எட்டு மணி நேரம் கேட்டேன். இப்படியே இரண்டு வருடம்.

என் வீட்டுக்காரருக்குச் சிவகங்கையில் அலுவலகம். காலை பஸ்ஸில் போனால் இருட்டும்போது வருவார். நான் வேலையை முடித்துப் பெட்டியும் கொஞ்சம் ஆறியிருக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார்.

"பகல்ல இருந்து பாருங்க, தெரியும்."

"மிஷின்னா சத்தம் இல்லாம இருக்குமா? உனக்குத்தான் எல்லாமே பெருசாக் கேக்கும்."

இந்த வார்த்தையை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்பதை வைத்துப் பிழைக்கிற ஒருத்தியிடம் உனக்குத்தான் கேட்கிறது என்று சொன்னால், அவளைப் பைத்தியம் என்று சொன்னதாகத்தானே அர்த்தம்?

அப்போதுதான் கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. என் தட்டச்சில் பிழைகள் கூடிவிட்டனவாம். முன்னால் இப்படி இல்லையாம், கவனமாகக் கேட்டு அடிக்க வேண்டுமாம். ஒரு மாதத்தில் இரண்டாவது கடிதமும் வந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை அனுப்புவதை நிறுத்திவிடுவோம் என்று முடித்திருந்தார்கள். நான் கவனிக்காமல் அடிக்கிறேனாம்! ஒரே வரியை நாலு தடவை ஓடவிட்டுக் கேட்கிறவள் நான். இந்த இரைச்சலில் எந்தக் காதுக்குத்தான் ஒழுங்காகக் கேட்கும்? இந்தப் பெட்டியின் வாயை அடைத்தால் என் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துபோனது.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரரை வரச் சொன்னேன். வந்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், மறுநாள் கொண்டுவந்து வைத்தார். கூடுதலாக மூன்று காற்றாடிகள், அதிலும் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிற காற்றாடிகள். குன்றக்குடி தேரோட்டத்துக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி அலமாரிக்குள் மினுக்கியது. சத்தமோ முன்னைக்கு இப்போது இரண்டு பங்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. போன் போட்டுக் கேட்டால், "காத்தாடி கூடக் கூடச் சூடு குறையும்க்கா" என்றார். போனை வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன், அது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

சரி, எவரையும் நம்பிப் பிரயோசனம் இல்லை என்று செல்போனில் இதைப் பற்றிய வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வெளியே எடுத்து, ஒயரைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றினேன். அடப் பாவி! சுண்ணாம்புத் தூளும் ஒட்டடையும் கலந்து, உலோகத் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. மூன்று காற்றாடியை மாட்டத் தெரிந்த மனிதருக்கு ஒரு பிரஷ் எடுத்துத் தட்டத் தெரியவில்லை.

தூசியைத் தட்டித் துடைத்து மறுபடியும் ஓடவிட்டேன். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி முன்பக்கம் காட்டினேன். புகை உள்ளே போனது. அது சரி. பின்பக்கம் காட்டினேன். அங்கேயும் உள்ளேதான் போனது. மேல்பக்கமும் அப்படியே. நிறுத்திவிட்டுப் பார்த்தால், காற்றாடிச் சட்டத்தின் ஓரத்தில் காற்று எந்தப் பக்கம் போகும் என்று அம்புக்குறியே போட்டிருக்கிறது! கடைக்காரர் ஒன்றைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் உள்ளே ஊதுகிற மாதிரி மாட்டியிருக்கிறார். திரும்பவும் போன் போட்டேன்.

"உள்ள வர்ற காத்து வெளிய போக எங்க வழி வச்சீக?"

"காத்து நெறைய உள்ள வந்தா நல்லதுதானக்கா?"

"பின்வாசல் இல்லாத மண்டபத்துக்குள்ள ஆளை விட்டுக்கிட்டே இருந்தா நல்லதா? வந்தீக, மாட்டுனீக, ஒரு நிமிசம் நின்னு பாத்தீகளா?"

அவர் போனை வைத்துவிட்டார். பின்பக்கத்துக் காற்றாடியை நானே திருப்பி மாட்டினேன். மேலே இருந்தவற்றைக் கழற்றித் தூர வைத்தேன். திருகு போடுகிற இடத்தில் எல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையம் வளையமாகக் கொடுத்தேன், அதிர்வு குறையட்டும் என்று. சூடு குறைவாக இருக்கும்போது காற்றாடி மெதுவாகச் சுற்றும்படி கம்ப்யூட்டரிலேயே அமைத்தேன். இப்போது ஊதுபத்திப் புகை முன்னால் நுழைந்து பின்னால் அழகாக வெளியேறியது. அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். பத்தே நிமிடத்தில் மில் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

அன்றோடு அதை வெளியே எடுத்து, ஜன்னலடியில் ஒரு முக்காலியில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அம்மாடி, என்ன ஓர் அமைதி! ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெட்போன் சத்தத்தை மட்டும் குறைக்கவில்லை. குறைத்தால் என்னவோ போல் இருந்தது, பழக்கம்தான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "என்ன தங்கச்சி, வெளிய வச்சுருக்கீக? அடுத்த வாரம் சூட்டிங் இருக்கு."

"இனி அது உள்ள போகாதுண்ணே."

"வீட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"உங்க சட்டத்துல என் வேலை போகப்போகுது. பொட்டி உள்ள போகணும்னா நாங்க வீட்டக் காலி பண்றோம், வேற ஆளப் பாத்துக்கங்க."

"எதுக்கு இப்ப வம்பு? அண்ணன் சொல்றது..." என்று அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சூட்டிங் அன்று சினிமா ஆட்கள் வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓர் ஆள் ஒரு பிரம்புத் தட்டியைத் தூக்கிவந்து, பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிறுத்திவிட்டுப் போனார். முடிந்தது வேலை. ஒரே ஒரு தட்டி! இதற்காகவா இரண்டு வருடம் அந்த அலறலில் கிடந்தேன்? அண்ணனைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். அவர் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டார்.

படம் பிடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர் கழுத்தில் ஹெட்போனோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, உள்ளே ஏதாவது மிஷின் ஓடுதா? மெல்லிசா கீச்சுன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "சத்தமா? எங்க சத்தம்? நானே கைப்பட அத்தனையும் சரிபண்ணி வச்சிருக்கேன். உள்ள வந்து கேளுங்க!"

உள்ளே வந்தவர் நேராக முக்காலியைக் காட்டினார். "இதுதான்க்கா. காத்தாடி இல்லை, கரண்ட் வர்ற பக்கத்துல இருந்து வருது. சின்னச் சத்தம்தான், ஆனா கேக்குது."

நான் குனிந்து பெட்டியோடு காதை ஒட்டவைத்தேன். ஒன்றுமில்லை. லீவு போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் எதுவுமே கேக்காதே."

அவர் குனியக்கூட இல்லை. "கேக்குதே" என்றார். "கொசு கத்துற மாதிரி."

வாசலில் நின்ற அண்ணனும், "எனக்கு இங்குட்டு நின்னாலே கேக்குது தங்கச்சி" என்றார். இந்த முறை அவர் வம்புக்குச் சொல்லவில்லை.

நான் சுவிட்சை அணைத்தேன். மூன்று பேரும் ஒன்றாகத் தலையசைத்தார்கள். "நின்னுருச்சு" என்றார் ஒலிப்பதிவுக்காரர். எனக்கு எதுவும் நிற்கவில்லை. போட்டேன். "வருது" என்றார். எனக்கு எதுவும் வரவில்லை. அணைத்தேன், போட்டேன். அந்த இரண்டு கடிதங்களிலும் சொல்லியிருந்த பிழைகளுக்குக் காரணம் இரைச்சல் இல்லை, என் காதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் இரவுதான், இனி ஒரு பிழை இருக்காது என்ற தைரியத்தில் பெரிய வேலை ஒன்றை முடித்து அனுப்பியிருந்தேன்.

நான் மறுபடியும் சுவிட்சுக்குக் கையை நீட்டியபோது என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். "விடு, ஆத்தா" என்றார். கையைத் தட்டிவிட்டேன்.

"ரெண்டு வருசம் கத்துனேனே, கேட்டீகளா? இனி எந்தக் காத வச்சுப் பொழைப்பேன்?" என்று அலறினேன்.

முற்றத்திலிருந்து யாரோ மைக்கில் அதட்டினார்கள்: "அங்கே யாரு சத்தம் போடுறது? சைலன்ஸ்!"