சன்னலோரமும் மஞ்சள் பையும்

கம்பம் பஸ் நிலையத்தில் இடம் பிடிப்பது ஒரு வித்தை. பஸ் உள்ளே திரும்பும்போதே சன்னல் வழியாக ஒரு துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டால் அது நம் சீட்டு. அப்புறம் நிம்மதியாகப் போய் டீ குடிக்கலாம்.

அந்த ஆகஸ்ட்டில் என் மனைவிக்கு ஏழு மாதம். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தோம். சன்னலோரம் கிடைக்காவிட்டால் உத்தமபாளையம் வருமுன்பே வாந்தி எடுத்துவிடுவாள்.

"சன்னலோரம் மட்டும் பிடிச்சுக் குடுத்துருங்க, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள்.

கையிலிருந்த மஞ்சள் பையை வீசினேன். மூன்றாவது சன்னலுக்குள் கச்சிதமாக விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளையும் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

பாதி டீயில் ஒலிபெருக்கி அலறியது. சுதந்திர தினத்தை முன்னிட்டு உஷார் நிலையாம். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாமல் காவலரிடம் சொல்ல வேண்டுமாம்.

"சார், ஒங்க பஸ்ஸுல போலீஸ்காரக ஏறிட்டாக" என்றார் டீக்கடைக்காரர்.

ஏறியவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் காவலர். பஸ்ஸுக்குள் ஆள் ஒருவருமில்லை. ஆனால் சீட்டுக்கு ஒரு பொருள்: துண்டு, குடை, முருங்கைக்காய்க் கட்டு, ஒற்றைச் செருப்பு. பாவம், சட்டை நனைய வேர்த்துப்போய் இறங்கினார்.

"எது யாருதுன்னு சொல்லுங்க. சொந்தக்காரங்களை ஸ்டேஷன்ல விசாரிக்கணும்."

ஸ்டேஷன் என்றதும் கூட்டமே வானத்தைப் பார்த்தது. அவர் லத்தி நுனியால் சன்னலைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"அந்த மஞ்சப்பை யாருது?"

"எனக்குத் தெரியாதுங்க சார்."

சொன்னது என் வாய்தான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் நின்றவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"அது என் பை சார். உள்ள என் ஸ்கேன் இருக்கு, ரெண்டு எலுமிச்சம்பழம் இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, பையைத் திறந்தும் காட்டினாள். காவலருக்கு உயிர் வந்தது.

"சரி, அவங்கவங்க பொருள் பக்கத்துல போய் உக்காருங்க. விசாரணை முடிஞ்சது."

செருப்புக்காரர் உட்பட எல்லோரும் பாய்ந்து ஏறினார்கள். நானும் ஏறினேன். அவள் மஞ்சள் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்திருந்தாள். அதை எடுக்கக் கை நீட்டினேன்.

காவலர் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார். "இவரு யாரும்மா, ஒங்ககூட வந்தவரா?"

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றாள், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

மதுரை வரை நின்றுகொண்டே போனேன்.