கொக்குக்குப் பயம் பழக்கிய மகேசன்

தன்னை வளர்ப்பது யார் என்று கடைசிவரை தெரியாமலே ஓர் உயிர் வளரவேண்டும் என்றால், வளர்ப்பவர் அதற்கு என்ன உறவு? விமலாதேவிக்கு இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. அவருடைய கணவர் மகேசன் ஒரு கோடைகாலம் முழுவதும் வெள்ளை அங்கி ஒன்றுக்குள் மறைந்து நின்று ஒரு பறவைக்குஞ்சை வளர்த்ததிலிருந்து வந்தது.

மகேசனைப் பெரிய மனிதர் என்று ஒஸ்லோவில் யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆனால் அவருடைய குரலை அறியாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் அங்கே குறைவு. கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரை முன்னுக்கு அழைப்பதும், விளையாட்டுப் போட்டியில் வென்ற பிள்ளைகளின் பெயர்களை வாசிப்பதும் அவர்தான். ஒலிவாங்கி பழுதாகிவிட்டால் அவருக்கு இன்னும் சந்தோசம். நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டின் மீன் ஆலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகிய தொண்டை அது என்பார். வீடிருந்த ஹொல்ம்லியாவிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் அவருக்குப் பக்கத்தில் வந்து அமரும் நோர்வேக்காரர், இறங்குவதற்குள் தன் முழங்கால் வருத்தத்தை அவரிடம் சொல்லி முடித்திருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு 2003ஆம் ஆண்டு வசந்தத்தில் வாய் திறக்கக்கூடாத வேலை ஒன்று வாய்த்தது.

முதுகு பழுதாகிக் களஞ்சிய வேலையை விட்டிருந்த அவரை, வேலைவாய்ப்பு அலுவலகம் ஒஸ்லோவுக்கு வெளியே சதுப்பு நிலம் ஒன்றின் ஓரத்தில் இருந்த சிறிய பறவை நிலையத்துக்கு அனுப்பியது. வேலி திருத்துவதும் புல் வெட்டுவதும்தான் முதலில் அவர் பணி. அந்தச் சதுப்பில் முன்பு ஒவ்வொரு வசந்தத்திலும் பெருங்கொக்குகள் வந்து இறங்கிச் சோடி சோடியாக ஆடும் என்று ஊரார் சொன்னார்கள். வயலுக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். வேட்டைக்காரரின் துவக்குகளும் சும்மா இருக்கவில்லை. நாட்டின் வேறு இடங்களில் அந்த இனம் மெல்ல மெல்லத் தலையெடுத்தபோதும் இந்தச் சதுப்புக்கு மட்டும் இரண்டு தலைமுறையாக ஒன்றுகூட வரவில்லை. பிறகு சிலர் கூடி வாய்க்கால்களை அடைத்தார்கள். நீர் திரும்பியது, தவளைகள் திரும்பின. கொக்கு திரும்பவில்லை. அது தான் வளர்ந்த இடத்தைத் தேடித்தான் வரும். திரும்பி வர ஒன்று வேண்டுமென்றால் முதலில் அங்கே ஒன்று வளரவேண்டும்.

நிலையத்தை நடத்திய ரன்ஹில்ட் என்ற பெண், வெள்ளத்தில் மூழ்கவிருந்த தொலைவான கூடொன்றிலிருந்து இரண்டு முட்டைகளைக் கொண்டுவந்தார். ஒன்று பொரித்தது.

குஞ்சு தான் முதலில் காண்பதைத் தாய் என்று பிடித்துக்கொள்ளும். மனித முகத்தைக் கண்டால் மனிதரோடு சேர்ந்துவிடும். பிறகு எந்தக் கொக்கும் அதற்கு இனமல்ல. ஆகவே வளர்ப்பவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போடவேண்டும். முகத்துக்கு வலை. வலக்கையில் கொக்கின் தலைபோலச் செய்த உறை. அதன் அலகால்தான் புழுவை எடுத்துக் காட்டவேண்டும். இருமல்கூட மனித இருமலாகக் கேட்கக்கூடாது. இதற்கென்று வந்திருந்த மாணவனுக்குப் புல்லின் மகரந்தம் ஒத்துவரவில்லை, தும்மித் தும்மிக் கண் வீங்கிவிட்டது. அங்கி உயரமான ஆளுக்குத் தைத்தது. அங்கே இருந்தவர்களில் மகேசன்தான் உயரம்.

"வாய்க்குப் பூட்டுப் போடவோ சம்பளம் குடுக்கினம்?" என்று விமலாதேவி சிரித்தார். "இவ்வளவு காலமும் நான் சும்மாவெல்லோ சொல்லிப்பாத்தனான்."

"அப்பாவுக்கு ஸொம்மர்யொப் கிடைச்சிருக்கு," என்றாள் இளைய மகள் ஹம்சத்வனி, பள்ளிப்பிள்ளைகளின் கோடைவிடுமுறை வேலைக்கான நோர்வேச் சொல்லால். "கதைக்காமல் நிக்கிறது. ரெண்டு நாளிலை ஸ்பார்க்கன் குடுத்துக் கலைச்சுப்போடுவினம்."

"சிரியுங்கோ, சிரியுங்கோ," என்றார் மகேசன். "பறவைக்கு முன்னாலை நான் மவுனசாமி. அந்தக் கதையெல்லாம் வீட்டைதான் வரும்."

வந்தது. ஒவ்வொரு மாலையும் குளிக்கும் முன்பே தொடங்கிவிடுவார். குஞ்சு முதன்முதல் புழு பிடித்தது, மழையில் அங்கியின் மடிப்புக்குள் வந்து ஒதுங்கியது, தன் நிழலைக் கொத்தியது. விமலாதேவி சோறு போட்டுக்கொண்டே கேட்பார். முதல் மகள் பிறந்தபோது இந்த மனிதர் கடல் தாண்டி எங்கோ இருந்தார் என்பது அவருக்கு ஒருமுறை நினைவு வந்தது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு விமலாதேவியும் நிலையத்துக்குப் போனார். ரன்ஹில்ட் அவரை மரப்பலகை மறைவிடத்துக்குள் இருத்தி, பார்ப்பதற்கு விட்டிருந்த இடுக்கைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தார்.

காலை மூடுபனி இன்னும் முழுதாக விலகவில்லை. புல்வெளியில் ஆளுயரத்துக்கு வெள்ளையாக ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் நீண்ட கால்களோடு மண்ணிறக் குஞ்சு. வெள்ளை உருவம் குனிந்து தரையைக் கொத்தியது, குஞ்சும் கொத்தியது. பிறகு அது கைகளை விரித்து ஓடத் தொடங்கியது. குஞ்சு பின்னால் ஓடியது, சிறகை விரித்தது, தடக்குப்பட்டது, மறுபடி ஓடியது. முதுகு பிடித்துக்கொண்டதென்று காலையில் காலுறை போட உதவி கேட்ட மனிதர் அந்த அங்கிக்குள் இருக்கிறார் என்பதை விமலாதேவியால் நம்பமுடியவில்லை. சிறிது நேரத்தில் நம்பவேண்டிய தேவையும் போய்விட்டது. அங்கே மகேசன் இல்லை. ஒரு தாய்ப்பறவை பறக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. குஞ்சின் கால்கள் தரையை விட்டன. ஒரு முழ உயரந்தான். ஆனால் தரைக்கும் காலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது.

பிறகு அது நிலைதடுமாறிக் குப்புற விழுந்தது.

"ஐயோ, பிள்ளை விழுந்திட்டுது!"

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று விமலாதேவிக்குத் தெரிந்தது. பிள்ளை விழுவதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்க அவர் எங்கும் பழகியதில்லை. குஞ்சு எழுந்தது. வெள்ளை உருவத்திடம் போகாமல் நேராக மறைவிடத்துக்கு வந்தது. கழுத்தைச் சரித்து இடுக்கினூடாக அவரைப் பார்த்தது. செம்மஞ்சள் கண். அதில் பயம் இல்லை. அவரும் கண்ணை எடுக்கவில்லை.

அன்று திரும்பும் ரயிலில் விமலாதேவிதான் தொடங்கினார். "என்னிலை கோவமோ?"

"உம்மிலை என்ன கோவம். நீரெண்டபடியால் ஒருக்காத்தான் கத்தினீர். நானெண்டால் ஒப்பாரியே வைச்சிருப்பன்."

ஆனால் ஆவணி பிறந்ததும் சிக்கல் தெரிந்தது. நன்றாகப் பறக்கத் தொடங்கிய கொக்கு, காட்டில் பழம் பொறுக்க வந்த ஒரு கிழவியின் அருகே இறங்கி, அவருடைய கூடைக்குள் தலையை விட்டது. மறுவாரம் உழவு இயந்திரத்தின் பின்னால் நடந்தது. ரன்ஹில்ட் மேசையில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு சொன்னார். "மனிதரைக் கண்டு பயப்படாத கொக்கு தெற்கே போய்ச் சேராது. வழியில் யாரோ ஒருவருடைய முற்றத்தில் முடிந்துவிடும். கூட்டங்கள் புறப்படும் முன் இது பயத்தைப் பழகவேண்டும். இல்லையென்றால் விலங்குக் காட்சிசாலைதான். ஆயுள் முழுக்கக் கம்பிக்குள்."

அன்று மகேசனோடு போயிருந்த விமலாதேவி கேட்டார், தன்னால்தானா என்று. ஒரு குரலால் மட்டும் இப்படி ஆகாது, ஆனால் எதனால் என்று தன்னாலும் சொல்லமுடியாது என்றார் ரன்ஹில்ட். நேர்மையான பதில். அது யாருக்கும் ஆறுதலாக இருக்கவில்லை.

பயம் பழக்கவேண்டியவர் அங்கி போடாத, முகம் தெரியும், குரல் எழுப்பும் மனிதராக இருக்கவேண்டும். பறவையைக் காயப்படுத்தாமல் துரத்தத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும். "நான் செய்யிறன்," என்றார் மகேசன், யாரும் கேட்கும் முன்.

"உங்களுக்கு விசரே?" என்றார் விமலாதேவி, வீட்டுக்கு வந்ததும். "வளத்த கையாலை அடிச்சுக் கலைக்கப்போறியளோ? வேறை ஆள் இல்லையே அங்கை?"

"வேறை ஆள் பாவம் பாப்பினம். ரெண்டு தரம் கத்திப்போட்டு விட்டிடுவினம்."

"நீங்கள் பாவம் பாக்கமாட்டியளோ?"

"பாவம் பாத்தால் கூண்டு, விமலா."

காலையில் அங்கிக்குள் நின்று தீன் கொடுத்தார். பின்னேரத்தில் தன் நீலச் சேட்டோடும் காற்சட்டையோடும், கையில் ஒரு பழைய சட்டிமூடியும் தடியுமாக, புதருக்குள்ளிருந்து பாய்ந்து வந்து கத்தினார். கலியாண மண்டபங்களை நிறைத்த குரல் சதுப்பு முழுவதும் எதிரொலித்தது. என்ன கத்தினார் என்று கேட்டால், பழைய வாடகைவீட்டுக்காரரை ஏசவேண்டுமென்று வைத்திருந்ததெல்லாம் என்பார்.

சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் விமலாதேவி அதைத் தொலைவிலிருந்து பார்த்தார். முதல் நாள் பெய்த மழையில் நனைந்த அங்கி வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. மகேசன் சட்டிமூடியை அடித்துக்கொண்டு ஓடிவர, கொக்கு வெருண்டு எழும்பியது. எழும்பி வானத்துக்குப் போகவில்லை. வேலியை நோக்கி வந்து இறங்கி, தொங்கிக்கொண்டிருந்த வெற்று அங்கியோடு ஒட்டி நின்றது. துணியின் மடிப்புக்குள் தலையை வைத்தது.

மகேசன் நின்றுவிட்டார்.

அவரிடமிருந்து தப்ப அது அவரிடமே ஓடியிருக்கிறது. விமலாதேவிக்குக் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி பாரமாயிற்று. கோயிலில் திரை விலகும்போது உடம்பில் ஓடுமே ஒரு சிலிர்ப்பு, அது அவருக்கு அங்கே, சேற்றுக்கும் கொசுவுக்கும் நடுவில் ஓடியது. இரண்டு பேராகப் பிரிந்து நிற்கும் ஒரே மனிதர். ஒருவரை நம்பி ஒருவருக்கு அஞ்சி நிற்கும் ஒரு பறவை. இதில் எது உண்மையான மகேசன் என்று கேட்டால், மனைவியான தனக்கே சொல்லத் தெரியாது.

மகேசன் தடியை ஓங்கி, முன்னையிலும் பெரிதாகக் கத்தினார். கொக்கு எழுந்து காட்டுக்கு மேலால் போயிற்று.

புரட்டாதி தொடங்கியதும் ஒரு காலையில் வடக்கிலிருந்து கூட்டம் வந்தது. முதலில் சத்தந்தான், எங்கோ உயரத்தில் நூறு கதவுகள் ஒன்றாகத் திறப்பதுபோல. பிறகு வானத்தில் நீண்டு வளைந்த கோடு. புல்வெளியில் நின்ற கொக்கு தலையை உயர்த்திற்று. யாரும் அதற்கு வழி சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மேலே ஏறியது, சுற்றியது, இன்னும் ஏறியது. கோட்டின் கடைசியில் ஒரு புள்ளி கூடியது. ரன்ஹில்ட் அழுதார். அங்கிக்குள் நின்ற மகேசன் அழுதாரா என்று வலையினூடாகத் தெரியவில்லை.

அதன் காலில் நீலமும் மஞ்சளுமாக வளையங்களும், இருக்குமிடத்தை அறிவிக்கும் சிறு கருவியும் இருந்தன. அந்தக் குளிர்காலம் ஹொல்ம்லியா வீட்டில் கணினியில் ஐரோப்பாவின் வரைபடம் திறந்தபடியே இருந்தது. புள்ளி டென்மார்க் தாண்டியது, ஜெர்மனியில் தங்கியது, ஸ்பெயின் சேர்ந்தது. "சின்னம்மா வீட்டுக்குப் போற எங்களுக்கே ரெண்டு தரம் வழி பிழைக்குது," என்றார் விமலாதேவி. வசந்தத்தில் புள்ளி வடக்கே வந்து கோடையை வேறொரு சதுப்பில் கழித்தது. அடுத்த இலையுதிர்காலத்தில் பிரான்சில் நின்றுபோனது. கருவி செத்ததா, பறவை செத்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. மகேசன் மறுபடி மண்டபங்களில் பெயர் வாசித்தார். ரயிலில் கதைத்தார். கொக்கைப் பற்றிக் கேட்டவர்களிடம், "அது பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை," என்றார்.

2006 சித்திரையில் ரன்ஹில்ட் தொலைபேசியில் கூவினார். நீலமும் மஞ்சளும்! சதுப்பில்! தனியாகவும் இல்லை, வளையமில்லாத காட்டுக் கொக்கொன்று சோடியாக வந்திருக்கிறது. "ஆனால் யாரையும் கிட்ட விடுவதில்லை. மகேசன், நீங்கள் அங்கியோடு நின்றால் வரும். ஒரு நிமிடம் போதும். பிடித்து, புதுக் கருவி கட்டி விட்டுவிடலாம். இந்த ஒன்றரை வருடம் எங்கே போனது, இனி எங்கே போகும் என்று தெரியாவிட்டால் அடுத்த குஞ்சுகளுக்கு நாங்கள் என்ன செய்வது?"

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. மகேசன் உடனே சம்மதித்தார். விமலாதேவியும் கூடவே போனார். பிள்ளையை ஒருமுறை கிட்டப் பார்க்கும் ஆசை.

ரன்ஹில்ட்டும் உதவியாளர் ஒருவரும் வைக்கோல் சுருளின் பின்னால் பதுங்கினார்கள். விமலாதேவி காருக்குள் இருந்தார். அங்கி போட்ட மகேசன் சதுப்பை ஒட்டிய வயலுக்குள் நடந்து போய் நின்றார். எதிரே இரண்டு கொக்குகளும் கழுத்தை வானத்துக்கு நிமிர்த்தி ஒன்று விட்டு ஒன்றாகக் கூவின. ஒன்று தொடங்கியதை மற்றது முடித்தது. காரின் கண்ணாடி அதிர்ந்ததுபோல் விமலாதேவிக்குத் தோன்றியது. வெறுமையாகக் கிடந்த சதுப்பு, தன் பழைய குரலை யாரிடமோ கொடுத்துவைத்து மீட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

பிறகு ஒன்று கூவுவதை நிறுத்தியது. வெள்ளை உருவத்தைப் பார்த்தது. சோடியை விட்டுவிட்டு ஒரு அடி முன்னுக்கு வைத்தது. இன்னொரு அடி. மற்றது அங்கேயே நின்று தாழ்ந்த குரலில் அழைத்தது. நீலமும் மஞ்சளும் திரும்பிப் பார்த்தது; மறுபடி நடந்தது. கிட்ட வந்துவிட்டது. கையை நீட்டினால் எட்டும்.

மகேசன் முகவலையைக் கழற்றினார். அது அஞ்சப் பழகிய தன் முகத்தை அதற்குக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் ஓங்கி, நெஞ்சிலுள்ள மூச்செல்லாம் திரட்டிக் கத்தினார்.

இரண்டு கொக்குகளும் ஒன்றாக எழும்பிச் சதுப்பின் உள்நாணலுக்குள் மறைந்தன. ரன்ஹில்ட் ஓடிவந்து, ஏன், ஏன் என்று கேட்டார். பல மாதங்கள் அவர் மகேசனோடு கதைக்கவில்லை. விமலாதேவி காருக்குள் கேட்டார், வீட்டில் கேட்டார், வருடங்கள் கழித்தும் கேட்டார். மகேசன் எவ்வளவோ கதைத்தார். இதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.