மேட்டு வீட்டுக்கு ஆள் பிடித்த கதை

கல்யாணத் தரகன் சொன்ன பொய்யோட மாப்பிள்ளை வாழணும், வீட்டுத் தரகன் சொன்ன பொய்யோட குடி வந்தவன் வாழணும், தரகன் மட்டும் வெத்திலையைப் போட்டுக்கிட்டு நடையைக் கட்டிடலாம்னு நினைச்சுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

வாடகைக்கு வீடு தேடி அலைஞ்ச புண்ணியவான்களே, வீட்டை வாடகைக்கு விட ஆள் தேடி அலைஞ்ச பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். இலங்கை மலைநாட்டுல, பதுளைக் கடைவீதியில பெரிய துணிக்கடை வச்சிருந்த முதலாளிக்கு ஊருக்குள்ள பல கட்டடம் இருந்தது. அதுக்கெல்லாம் ஆள் பிடிச்சு விடுறதும், ஓடு மாத்துறதும், குடி இருக்கிறவங்க சண்டையைத் தீர்க்கிறதும் என் வேலை. எல்லாத்துக்கும் ஆள் வந்துட்டாங்க. மேட்டு வீடு மட்டும் பூட்டியே கிடந்தது. முன்னால கடை, பின்னால வீடு, சுத்திலும் பனி.

ஐப்பசியில முதலாளி என்னைக் கூப்பிட்டு, மார்கழி பொறந்துட்டா ஒருத்தனும் குடி வர மாட்டான், அதுக்குள்ள ஆள் பிடி, இல்லேன்னா ஊர்ல இருந்து என் மச்சான் வர்றான், உன் வேலையையும் நீ இருக்கிற இடத்தையும் அவன்கிட்டக் கொடுத்துடுவேன்னு சொல்லிட்டாரு. நான் இருந்த இடம் அவர் கடைக்குப் பின்னால துணி மூட்டை போடுற அறை. தீப்பிடிக்கும்னு உள்ளே அடுப்பு வைக்க விட மாட்டாங்க. என் சம்சாரம் செல்லம்மா வெளியில மூணு கல்லைக் கூட்டி, மழையில ஒரு கையில குடையும் ஒரு கையில அகப்பையுமா சமைப்பா. ஊருக்கே வீடு பிடிச்சுக் கொடுக்கிறவன் பொண்டாட்டி குடைக்குக் கீழ சமைக்கிறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். இப்ப அந்த இடத்துக்கும் வேட்டு.

ரயில் வருது

அப்போ ஊர்ல எவன் வாயைத் திறந்தாலும் ரயில்தான். அப்புத்தளை தாண்டி வந்துட்ட ரயில் பதுளைக்கும் வரப் போகுது, ஸ்டேஷன் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் வாடகை ஏறப் போகுதுன்னு பேச்சு. எந்தப் பக்கம்னு விசாரிச்சு வான்னு முதலாளி என்னை அனுப்பினாரு. ஹாலிஎல ரோட்டுல நடையா நடந்தேன். மேட்டு வீட்டுக்கு நேர் கீழ, புல்வெளியில சுண்ணாம்பு அடிச்ச குச்சி ஒண்ணு ஜம்முனு நட்டிருந்தது. சர்வே பண்றவங்க நடுற குச்சியேதான். ஓடி வந்து சொன்னேன். முதலாளி அன்னிக்கே மேட்டு வீட்டு வாடகையை ஏத்திட்டாரு. பேசி முடிக்கிற பக்குவத்துல இருந்த ஒரு தையல்காரர் அதைக் கேட்டுட்டு வந்த வழியே போயிட்டாரு.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தா குச்சி ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. ரயிலுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்குன்னு பக்கத்துல நின்ன பெரியவரைக் கேட்டேன். அவர் குச்சியில கட்டியிருந்த கயித்தை அவுத்துக்கிட்டே சொன்னாரு: "ஆட்டுக்கு எங்க புல்லு இருக்கோ அங்கதாங்க குச்சி போகும். இருட்டுல தடுக்கிடுதுன்னு சுண்ணாம்பு அடிச்சேன். ரயிலு என்ன திங்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

கங்காணியார் வீடு பார்த்தது

லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துல பெரிய கங்காணியா இருந்து ஓய்ஞ்சவர் ஒருத்தர் டவுன்ல குடியிருக்க வந்தாரு. கோட்டு, தலைப்பாகை, கையில வெள்ளிப்பூண் தடி. அறைகளைப் பார்த்தாரு, "காம்பரா நல்லா விசாலமாத்தான் இருக்கு"ன்னாரு. கூரையைத் தடியால காட்டிக் கேட்டாரு. ஒரு சொட்டு ஒழுகாதுங்கன்னு சூடத்தை அணைக்காத குறையா சத்தியம் பண்ணினேன். ஒழுகுற மூலையில நானே நின்னுக்கிட்டு மறைச்சேன்.

எல்லாம் பிடிச்சுப் போச்சு. கடைசியா முன்வாசல்ல நின்னு கீழே கடைவீதியைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. காலங்காத்தாலே பெரட்டுன்னு ஆளுங்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிட்டு, மலை முழுக்கக் கொழுந்தெடுக்கிறவங்களை விரட்டி விரட்டியே வாழ்ந்த மனுஷன். கீழே போறவங்க எல்லாம் அவங்கவங்க பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. அவர் முகம் வாடிப் போச்சு. தடியை ஊணிக்கிட்டு இறங்கும்போது சொன்னாரு: "வீட்டுல ஒரு குத்தமும் இல்லப்பா. ஆனா காலையில எந்திரிச்சு நான் யாரைத் திட்டுறது?"

பல்லி சொன்ன சொல்

அடுத்து வந்தவர் பாத்திர வியாபாரி. பல்லி சகுனம் பார்க்காம பல்லு கூட விளக்க மாட்டாரு போல. முன்னறையில சம்மணம் போட்டு உக்காந்து, பல்லி சொல்லட்டும், உடனே சாவியை வாங்கிக்கிறேன்னுட்டாரு. மேட்டு வீட்டுக் குளிருக்கு அங்க பல்லி ஏது? இருந்திருந்தாலும் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கும். கார்த்திகை வேற பாதி ஓடிப் போச்சு.

பின் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்னு உள்ளே போய், சுவரோரம் நின்னு பல்லி மாதிரி நானே நாக்கைத் தட்டினேன். முன்னறையில இருந்து "கிருஷ்ணா, கிருஷ்ணா"ன்னு சந்தோஷமாக் குரல் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். உறுதியா இருக்கட்டுமேன்னு இன்னொரு தரம் தட்டப் போக, பனிக்காத்து தொண்டையில ஏறி, இழுத்துப் பிடிச்சும் நிக்காம லொக்கு லொக்குன்னு இருமித் தொலைச்சேன். நான் வெளியில வந்தப்ப அவர் செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தாரு. "திசையெல்லாம் நல்ல திசைதாங்க. ஆனா பல்லிக்கே சளி பிடிக்கிற வீட்டுல புள்ளகுட்டிக்காரன் நான் எப்படிங்க இருக்கிறது?"

செல்லம்மா போட்ட காப்பி

கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை. நகைக்கடை வைக்க இடம் தேடி ஒரு ஆசாரி வர்றதாச் சொல்லியிருந்தாரு. அன்னிக்குச் சாயங்காலமே முதலாளியோட மச்சானும் வந்து இறங்கப் போறாரு. செல்லம்மாதான், பூட்டிக் கிடந்த வீடு முடை நாத்தம் அடிக்குது, நான் வந்து சுத்தம் பண்றேன்னா. விடியறதுக்குள்ள மெழுகினா, கோலம் போட்டா, விளக்கேத்தினா, ஆசாரி வர்ற நேரத்துக்கு, காப்பி கொடுக்கணும்னு புதுச்சட்டியில பால் வச்சா.

ஆசாரி வந்தாரு. கடையைப் பார்த்தாரு, வாடகைக்குச் சம்மதம்னாரு. சாவியை எடுத்து நீட்டப் போறேன், உள்ளே புஸ்ஸுன்னு ஒரு சத்தம். எட்டிப் பார்த்தா பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. சாவி வாங்க நீட்டின கையை ஆசாரி பின்னால இழுத்துக்கிட்டாரு. "நல்ல நாள்ல கோலம் போட்டு, விளக்கேத்தி, பாலும் பொங்கியாச்சு. நீங்க குடி வந்த வீட்டை எனக்கு எதுக்குங்க காட்டுறீங்க?"

சாயங்காலம் முதலாளி மச்சானோட வந்து நின்னாரு. அப்ப நீயே இதுல இருன்னு முதலாளி சொன்னதுக்கு, இன்னொருத்தன் பால் காய்ச்சின வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்னு மச்சானே ஒதுங்கிட்டாரு. முதலாளிக்குக் கோவம்னா கோவம். நான் செல்லம்மாவைப் பார்த்தேன். குடைக்குக் கீழ சமைச்ச காலத்துல கூட பாலைப் பொங்க விடாதவ அவ. எப்படிடீன்னு கேட்டா, "கண்ணு அசந்துட்டேங்க"ன்னு சொல்லிட்டு அடுப்பைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை. முதலாளி தலையில கை வச்சுக்கிட்டுச் சொன்னாரு: "பால் காய்ச்சின அன்னிக்கே குடும்பத்தைக் கிளப்பின பாவம் எனக்கு வேண்டாம். இருந்து தொலை. ஆனா ஏத்தின வாடகை ஏத்தினதுதான்."

கடை திறந்த கதை

என் வேலை மச்சானுக்குப் போச்சு, மூட்டை அறையும் கூடவே போச்சு. நாங்க முன்பக்கம் காப்பிக் கடை போட்டோம். செல்லம்மாவுக்கு உள்ளுக்குள்ளேயே அடுப்பு. முதல் நாளே வெள்ளிப்பூண் தடி படியேறி வந்தது. கங்காணியார்தான். ஒரு வாய் குடிச்சாரு. காப்பியில சூடு இல்லை, பெஞ்சுல கால் ஆடுது, பெரியவங்க வந்தா எந்திரிச்சு நிக்கத் தெரியலைன்னு அரைமணி நேரம் என்னைப் பிடிபிடின்னு பிடிச்சாரு. போறப்போ முகத்துல அப்படி ஒரு தெளிவு. "நாளைக்கும் வர்றேன்ப்பா. இப்பத்தான் இந்த ஊரு எனக்குப் பிடிச்சிருக்கு."

ரயிலும் வந்து, ஸ்டேஷன் ஊருக்கு அந்தப் பக்கம் அமைஞ்சு, ஒரு சொட்டு ஒழுகாதுன்னு ஊரெல்லாம் சத்தியம் பண்ணின நான் இன்னிக்கும் மழை வந்தா அந்த மூலையில அந்தப் புதுச்சட்டியைத்தான் வைக்கிறேன்.